தோகைக் கட்டு

வெள்ளாற்றின் வடகரையில், திட்டக்குடியைச் சுற்றியுள்ள கொல்லைகளில் கரும்பு வெட்டு நடக்கும் தை மாதத்து விடியற்காலைகளில், பனி இன்னும் தோகையின் விளிம்பை விட்டு நீங்காதிருக்கும்போதே வெட்டாட்கள் இறங்கிவிடுவார்கள். கழியை அடியோடு சீவி, காய்ந்த சோகையை உரித்துத் தள்ளி, கொழுந்தாடையை ஒரே வீச்சில் கழித்து, பத்துப் பதினைந்து கழிகளை ஒன்றாகக் கிடத்திய பிறகு அவர்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சிறுவயது முதற்கொண்டு எத்தனையோ முறை நான் கண்டிருந்தும், அதை நின்று கவனித்தது, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, வரப்பின்மேல் நிற்க அவகாசம் கிடைத்த பிற்பாடுதான். கழித்தெறிந்த அதே கொழுந்தாடையிலிருந்து இரண்டு பச்சைத் தோகைகளை உருவி, நுனியோடு நுனி முடிந்து, ஒரு முறுக்கு முறுக்கி, கழிகளுக்கு அடியில் கொடுத்து மேலே வாங்கி, முழங்காலால் அழுத்தி இறுக்கிச் செருகிவிடுகிறார்கள். அவ்வளவில் கட்டு ஆகிவிடுகிறது. கயிறு வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று மேஸ்திரியைக் கேட்டேன். "கயிறு எதுக்கு சார்? அதுல வந்ததே அதைக் கட்டிக்கும்" என்றார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. சும்மாட்டின்மேல் கட்டை ஏற்றிக்கொண்டு டிராக்டர்ப் பெட்டியை நோக்கி நடந்த ஒரு பெண்ணின் தலையில், சற்றே வாடிப்போயிருந்த தோகை மெல்ல இற்று அறுந்தது. கழிகளில் ஒன்றுகூட முறியவில்லை. ஒவ்வொன்றும் முன்னிருந்த கனத்தோடும் கடினத்தோடும்தான் இருந்தது. ஆயினும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, முன்னும் பின்னுமாகச் சரிந்து, கண்மூடித் திறப்பதற்குள் அத்தனையும் தரையில் கிடந்தன. கரும்பு இருந்தது, சுமை இல்லை.

நம் தசையும் அப்படி ஒரு கட்டுதான். தேகத்தில் எலும்பைப் பற்றி நின்று அதை அசைக்கின்ற அறுநூற்றுக்கு மேற்பட்ட தசைகளில் எதை எடுத்துக்கொண்டாலும், அது பார்வைக்குத் தோன்றுவதுபோல ஒரே மாம்சப் பிண்டம் அன்று. மயிரிழையைவிடப் பெரும்பாலும் மெல்லியதாய், ஆனால் சில இடங்களில் விரல்நீளத்தையும் தாண்டுவதாய் உள்ள தசை இழைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டது அது. அந்த இழை ஒவ்வொன்றையும் பனிப்படலம் போன்ற ஒரு நுண்ணுறை போர்த்தியிருக்கிறது. அவ்வாறு போர்த்த இழைகள் பல சேர்ந்த கற்றையைச் சற்றுத் தடித்த மற்றோர் உறை சுற்றியிருக்கிறது. கற்றைகள் யாவும் கூடிய முழுத் தசையை வெளியிலிருந்து மூன்றாவது உறை ஒன்று அணைத்திருக்கிறது. எண்டோமைசியம், பெரிமைசியம், எபிமைசியம் என்று பள்ளிப் புத்தகம் இவற்றை அழைக்கும். நானும் முப்பது வருஷம் அப்படியே அழைத்தேன். மாணவர்கள் அந்த மூன்று பெயர்களின் அடியில் கோடிடுவார்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். நானும் மறுநிமிஷமே தசை சுருங்கும் விந்தைக்குப் போய்விடுவேன். சுருங்குவதுதான் தசை என்றும், மற்றதெல்லாம் அதைப் பொதிந்து வைத்த காகிதம் என்றும் என் மனத்திலேயே ஓர் அபிப்பிராயம் உறைந்து கிடந்தது என்பதை இப்போது வருத்தத்துடன் நினைத்துக்கொள்கிறேன். ஏனென்றால், இந்த மூன்று உறைகளும் தனித்தனிப் போர்வைகள்கூட அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, தசையின் கடைக்கோடியில் யாவும் ஒன்றுகூடி, வெண்மையான தசைநாராகத் திரண்டு, அந்த நாரே எலும்பின் மேலுறைக்குள் புகுந்து வேரூன்றிவிடுகிறது. இழைகளையெல்லாம் ஒரு மாயத்தால் கரைத்து நீக்கிவிட்டாலும், உள்ளே வெற்று அறைகளைக் கொண்ட தேன்கூடு போலத் தசையின் உருவம் குலையாது நிற்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மூன்று கிரேக்கச் சொற்களிலும் நடுவே நிற்கும் 'மைஸ்' என்பதற்குக் கிரேக்கத்தில் தசை என்றும் பொருள், எலி என்றும் பொருள். மடக்கிய கையில் தோலுக்கடியில் ஓடும் மேட்டை அவர்கள் எலியாகக் கண்டார்கள் போலும். லத்தீன்காரர்களும் சின்ன எலி என்றே தசைக்குப் பெயரிட்டார்கள். நம்மவர்களோ முழங்காலுக்குக் கீழே, இரு முனையும் கூம்பி நடுவே பருத்துத் துள்ளுகிற தசையைப் பார்த்துக் கெண்டைக்கால் என்றார்கள். ஆற்றங்கரையில் வாழ்ந்த ஜனங்கள் அல்லவா. முழங்கால் தண்ணீரில் நிற்பவன் குனிந்து பார்த்தால் மீனும் காலும் ஒருங்கே கண்ணில் படும். இவ்வளவு பிரத்தியட்சமாகப் பெயரிடத் தெரிந்த பாஷையில், தசையைக் கட்டும் பொருளுக்கு மட்டும் பேச்சு வழக்கில் தனிப்பெயர் ஊன்றவில்லை. இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் தந்தியும் நரம்பு, குதிகாலை இழுத்துப் பிடிக்கும் நாரும் நரம்பு. யாழில் கட்டியதும் நரம்புதான். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் வைத்தியப் பணி செய்து, தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க வேண்டும் என்று வைராக்கியம் கொண்டிருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்களைத் துணைகொண்டு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. அங்கம் அங்கமாகத் தமிழில் பெயர் தேடிய அந்த உழைப்பை நினைக்கையில், ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் எத்தனை முறை சவ்வையும் நாரையும் நரம்பையும் தராசில் வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

சவ்வு என்ற சொல் பண்டிதர்களிடம் மட்டும் இருப்பதன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கறிக்கடையில் அதை 'ஜவ்வு' என்று நூறு முறை கேட்கலாம். கொக்கியில் தொங்கும் ஆட்டுத்தொடையை இறக்கிப் புளியமரக் கட்டையில் கிடத்தி, கடைக்காரர் கத்தியின் முனையால் அதை வகுப்பதை நான் நெடுநேரம் பார்த்து நின்றிருக்கிறேன். ஒரு தசைக்கும் மறு தசைக்கும் இடையே அவர் வெட்டுவதே இல்லை; வெள்ளி போலப் பளபளக்கிற சவ்வின் வழியைக் கண்டுபிடித்து, முனையை அதில் நுழைத்து, கட்டைவிரலால் தள்ளுகிறார்; இரண்டு தசைகளும் நெடுநாள் அண்டையில் குடியிருந்தவர்கள் விடைபெறுவதுபோலப் பிரிந்துகொள்கின்றன. பிறகு மேலுறையை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கி, கத்தியைப் படுக்கவைத்து ஓட்டினால், கண்ணாடித்தாள் போல அது முழுசாக உரிந்து வருகிறது. குறுக்கே வெட்டிய துண்டில் வெள்ளைக் கோடுகள் ஓடி, செந்நிறத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்திருப்பதைக் காணலாம். அதுதான் இரண்டாவது உறை. கறி கடினமாயிருக்கிறதா மிருதுவாயிருக்கிறதா என்பதில் பெரும்பங்கு அந்தக் கோடுகளுடையது. நெடுநேரம் இளந்தீயில் வைத்தால் அவை கரைந்து கோந்தாகும். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கெட்டிப்படுவதும், குடித்த உதடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

ஆற்றில் ஊறவைத்து ஆராய்ந்த ஒருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சுசுருத சம்ஹிதை, சரீரத்தை அறிய விரும்பும் வைத்தியன் இறந்த உடலொன்றைப் புல்லாலும் நாராலும் சுற்றி, கூட்டிலிட்டு, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு இரவுகள் வைத்து, பின் எடுத்து, தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் தொடங்கி ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காண வேண்டும் என்று விதிக்கிறது. அந்தத் தூரிகைக்கு அது கூறும் பொருள்களில் ஒன்று உசீரம், அதாவது நம் கடலூர்க் கரையோர மணலில் விளைகின்ற வெட்டிவேர். இந்த விவரத்தைப் படித்த நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனெனில் கத்தி அடுக்குகளை ஊடறுத்துச் செல்லும். வேர்த்தூரிகையோ அடுக்கை அடுக்காகவே காட்டும். அவ்வாறு பார்த்த கண்களுக்குத்தான், தாதுக்களுக்கிடையே எல்லையாக நிற்கும் ஏழு 'கலை'கள் தென்பட்டன போலும். அவற்றுள் முதலாவதற்கு அந்நூல் இட்ட பெயர் 'மாம்ஸதரா', ஊனைத் தாங்குவது. குழாய்களும் நார்களும் இந்த உறைக்குள்தான், சேற்றுநீரில் தாமரைக் கொடி பரவுவதுபோல, கிளைத்துப் பரவுகின்றன என்று உவமையும் கூறுகிறது. இன்றைக்கு நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தாலும் இது பிசகவில்லை. தசைக்குள் செல்லும் தமனியும் நரம்பும் கற்றையுறையின் வழியாகவே நடக்கின்றன, தந்துகிகள் இழையுறைக்குள்தான் பின்னிக்கிடக்கின்றன. பல நூற்றாண்டுகள் கழித்து, பாரிஸில் ஸவியே பிஷா என்ற இளைஞர் நுண்பெருக்கியைத் தொடாமலே, சவ்வுகளை ஊறவைத்தும் வேகவைத்தும் உலர்த்தியும் பார்த்து, உடல் முழுவதும் 21 வகைத் திசுக்களால் ஆனது என்று 1801இல் எழுதினார்; மறுவருஷமே, முப்பது வயதில் இறந்துபோனார். சமையலறைக்கும் ஆராய்ச்சிக்கும் தூரம் அதிகமில்லை.

கத்தி வழியே கற்றவர்களுக்கோ இந்தப் பொருள் இடையூறாகவே தோன்றியது. சிதம்பரத்தில் மருத்துவம் படித்த என் அண்ணன் மகள், முதல் வருஷம் பிணவறுவைக் கூடத்தில் தாங்கள் செய்த வேலையில் பெரும்பகுதி வெள்ளைச் சவ்வைப் பிய்த்து எடுப்பதுதான் என்று சொல்வாள். "சுத்தம் பண்ணாத்தான் சித்தப்பா, புஸ்தகத்துல இருக்கிற மாதிரி தெரியும்" என்பது அவள் வாக்கு. புத்தகத்துப் படத்தில் தசைகள் செக்கச் செவேலென்று, ஒன்றோடொன்று தொடர்பற்று, தனித்தனி வீரர்களாக நிற்கின்றன; அந்தப் படம் உண்மையாவதற்காக உடம்பில் உள்ளது வாளியில் போய் விழுகிறது. வெசாலியஸ் 1543இல் அச்சிட்ட மகத்தான உடற்கூற்று நூலின் தோலுரித்த மனிதர்கள் தொடங்கி நம் பள்ளிச் சுவர்ப்படம் வரையில் இந்த வழக்கம்தான்.

இதனால் வந்த நஷ்டம் சிறிதன்று. தசை இழை ஒவ்வொன்றும் ஒரு நாரிலிருந்து மறு நார்வரை நீண்டு, தேர் வடத்தைப் பிடித்தவர்கள்போல நேராக இழுக்கிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் இடுப்பிலிருந்து தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலுக்கு உட்புறம் இறங்குகிற, உடம்பிலேயே மிக நீளமான தசையில், நாம் சம்மணமிட உதவும் அந்தத் தையற்காரத் தசையில், பல இழைகள் மறுகோடியை எட்டுவதே இல்லை. வழியிலேயே, தசையின் நடுவிலேயே, ஊசிமுனைபோலக் கூம்பி முடிந்துவிடுகின்றன. எலும்பையோ நாரையோ தொடாத ஓர் இழை எதை இழுக்கும்? அது தன்னைப் போர்த்தியிருக்கும் உறையை இழுக்கிறது. உறை அண்டை இழையின் உறையோடு ஒட்டியதாகையால், பலம் பக்கவாட்டில் கைமாறிச் செல்கிறது. 1983இல் சிபில் ஸ்ட்ரீட் என்ற பெண்மணி, தவளைத் தசையின் இழைகளைக் கொண்டு, இவ்வாறு பக்கவாட்டில் இழுவிசை செல்வதை விளக்கினார். உறை வெறும் காகிதமாயிருந்தால் இது நடவாது. இரண்டாவது உறையில் வெண்ணிழைகள் இரு திசையில் சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கிட்டு, உறியின் பின்னலைப்போல அமைந்திருக்கின்றன. ஓய்ந்த நிலையில் அவற்றின் சாய்வு தசையின் போக்குக்குச் சுமார் 55 பாகை. தசை நீண்டால் கண்ணிகள் ஒடுங்கும், குறுகினால் அகலும். உள்ளே உள்ளவை புடைத்துப் பருக்க இடம் கொடுத்துக்கொண்டே, அளவுக்குமேல் நீளவிடாமலும் தடுக்கின்ற இந்த ஏற்பாட்டை, பின்னல் வலையை உலர்த்தும் பரங்கிப்பேட்டை மீனவர் ஒருவரிடம் சொன்னால், அவர் வியப்பதற்கு ஒன்றும் இராது.

அந்த வெண்ணிழை எதனால் ஆனது என்பதில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு; அதை விஸ்தாரமாகச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கொலாஜன் என்ற அந்தப் புரதம் விலங்குடலில் வேறெந்தப் புரதத்தைவிடவும் மிகுதியாக இருப்பது. தோலிலும் நாரிலும் எலும்பிலும் சவ்விலும் இருப்பது அதுவே. 1952இல், முப்பது வயது நிரம்புமுன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக வந்து சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கங்காருவின் வால்நாரில் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த புள்ளிகளையும் கீற்றுகளையும் வைத்து, அதன் உள்ளமைப்பை ஊகித்தார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிய பின்னல் அது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதினார்கள். மறுவருஷம் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. எல்லாவற்றிலும் சிறியது அதுவே என்பதால், மூன்று புரிகளும் நெருங்குகிற நடு அச்சில் அதற்கு மட்டும்தான் இடம் உண்டு. ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்புறமாக முறுக்கிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்கள் செய்வதும் இதுவே. புரியை ஒரு பக்கமாகத் திரித்து, புரிகளை எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான், ஒன்று அவிழப் பார்க்கையில் மற்றது இறுகிக் கயிறு கலையாமல் நிற்கும். மூன்று கால் எடுத்துச் சடை பின்னுகிற நம் வீட்டுப் பெண்களின் கைக்கும் பின்னலின் பலம் தெரியும். புரிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்பதில் கிரிக் முதலான விஞ்ஞானிகள் மாறுபட்டதும், விவாதம் கடுமையாகியதும் சரித்திரம். மூவிழைப் பின்னல் நிலைத்துவிட்டது. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் ஒன்று இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோலைப் பதனிடுவதும் இந்தப் பின்னலைப் பதனிடுவதுதான் என்பதால், அந்தப் பெயர் அங்கே இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

எங்கள் தெருவில் சுளுக்கு வழிக்கிற ஆயா ஒருத்தி இருந்தாள். விளக்கெண்ணெயைச் சூடுகாட்டி, கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அவள் உருவும்போது, விரல் ஒருபோதும் சதைமேட்டின் மேல் ஏறாது. இரு மேடுகளுக்கிடையே உள்ள வாய்க்காலிலேயே போகும். "நரம்பு பிசகியிருக்குது தம்பி, பொறு" என்பாள். அவள் நரம்பு என்றது, கறிக்கடைக்காரர் கத்திமுனையை நுழைத்த அதே வழியைத்தான். பெயர் தவறாயிருந்தும் விரல் தவறவில்லை.

பெயர் தவறாயிருந்ததும், விரலுக்கு எட்டாததுமான ஒன்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு பையன், தரையிலிருந்து எழுந்திருக்கையில் முதலில் தவழும் நிலைக்கு வந்து, பின் கைகளை முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிறவன்போல எழுந்து நிற்பான். 1879இல் கவர்ஸ் என்ற லண்டன் வைத்தியர் விவரித்த அடையாளம் இது என்று பின்னாளில் படித்தேன். அவன் கெண்டைக்கால்கள் மட்டும் மல்லனுடையவைபோலப் பருத்திருந்தன. "சின்ன வயசுல இந்தக் காலைப் பார்த்துட்டு ஊரே கண்ணு வெச்சுது சார்" என்று அவன் தாய் சொன்னாள். அந்தப் பருமன் தசையினுடையதன்று. தசை அழிந்த இடத்தைக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிரப்பியதால் வந்தது. அடுத்த வருஷம் அவளே அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் உட்காரவைத்துப் போனாள். ஒரு மண்டலம் எங்கள் ஊர் வைத்தியநாதசுவாமி சந்நிதியில் விளக்கும் ஏற்றினாள். ஒருநாள் மாலை, பள்ளி விட்டபின், என்னிடம் கேட்டாள்: "எந்த நரம்பு சார் விட்டுப்போச்சு இவனுக்கு?"

"நரம்பு இல்லம்மா, சதையில கோளாறு" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு உலகில் யாருக்கும் முழுசாகத் தெரிந்திருக்கவில்லை. 1987இல்தான் அவனிடம் இல்லாதிருந்த பொருளைக் கண்டெடுத்து டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டார்கள். இழைக்கு உள்ளே சுருங்குகிற பகுதியை, இழையின் சுவரோடும், சுவர் வழியாக வெளியே உள்ள உறையோடும் முடிந்து வைக்கிற ஒரு புரதம் அது. அந்த முடிச்சு இல்லாத பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு முறை தசை இழுக்கும்போதும் இழையின் சுவர் கிழிகிறது; கிழிந்த இழை சிலகாலம் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது, பிறகு மாய்கிறது; மாய்ந்த இடத்தில் உறைத்திசு மிகுந்து வளர்ந்து விறைக்கிறது. இழை பலவீனமாய்ப் பிறந்ததன்று. இழுக்கத் தெரிந்தே பிறந்தது; இழுத்த பலத்தைப் பக்கத்தில் கொடுக்க வழியில்லாமற் போயிற்று.

இதை அந்தத் தாய்க்கு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று, தோகை அறுந்து கரும்பு சரிந்த அந்தக் காலையில், வரப்பின்மேல் வெகுநேரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எண்டோமைசியம் என்ற பெயரும் வேண்டியதில்லை, டிஸ்ட்ரோபினும் வேண்டியதில்லை. கழி நல்ல கழிதான் அம்மா, கட்டுதான் போட்டு வரவில்லை என்றால் அவளுக்கு விளங்கியிருக்கும். வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும் வெட்டாட்களோடு போய்க் கட்டுக் கட்டி வயிறு வளர்த்தவள் அவள். அன்று மாலை என்னிடம் கேட்க வந்து நின்றபோதும், பையனைத் தாங்கியிருந்த அவள் கைகளில், மணிக்கட்டு வரையிலும், தோகை அறுத்த கீறல்கள் இருந்தன.